ஓடவிட்டால் போதும்

அக்காவின் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது யாரோ செல்போன் ரிப்பேர் கடை நடத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். டெல்லி முனிர்காவில் சந்துக்குள் சந்து, மூன்றாவது மாடி. எதிர் வீட்டுக்காரி கையை நீட்டினால் இந்த வீட்டுக் கொடியில் காயும் துணியை எடுத்து மடித்து வைத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். ஜன்னல் விளிம்பில் இரண்டு போன்கள், ஃபிரிட்ஜின் தலையில் ஒரு டேப்லெட், அடுப்பு மேடையில் மல்லித்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்த இன்னொரு போன், கட்டிலில் திறந்தபடி லேப்டாப்புகள். எல்லாவற்றிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் ஒரு பெண் பஸ்ஸுக்காக நின்றுகொண்டே இருந்தாள். ஒன்றில் வெறும் சுவர். நல்ல சுவர், நல்ல வெளிச்சம், ஆனாலும் சுவர். அக்கா எதையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா இதையெல்லாம் பாக்கறது?" என்றேன்.

"யாரும் பாக்க வேண்டாம். ஓடவிட்டாப் போதும்," என்றாள் தலை நிமிராமல். "ஏட்டி, செருப்ப உள்ள எடுத்து வையி. வெளிய விட்டா குரங்கு தூக்கிட்டுப் போயிரும்."

அக்கா என்று நாங்களெல்லாம் கூப்பிட்ட அவள் ஒரு சின்ன ஓடிடி தளம் நடத்தினாள். ஓடிடி என்றதும் பெரிய போஸ்டர், நடிகர், பேட்டி என்றெல்லாம் நினைத்துவிடக் கூடாது. பெரிய கம்பெனிகள் 'எங்கள் பார்வையாளர்களுக்கு ஏற்றதல்ல' என்று திருப்பி அனுப்பிய படங்கள், ஏதோ ஒரு விழாவில் ஒரே ஒரு காட்சி ஓடி அத்தோடு அடங்கிப்போன படங்கள், விழா வாசலையே மிதிக்காத படங்கள், இவற்றைக் கேட்டு வாங்கி இணையத்தில் ஏற்றுவாள். தமிழ், மைதிலி, கார்வாலி, எந்த மொழியானாலும் சரி. நான் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டு சினிமாப் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் போட ஆள் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். இந்திய சினிமாவையே நாம் புரட்டிப் போடப்போகிறோம் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அக்கா அப்படி எதுவும் சொன்னதில்லை.

அவளுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். டெல்லியிலேயே பிறந்தவள். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளியில் படித்தும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பேச்சு மட்டும் அசல் நெல்லை, நடுநடுவே இந்தி. காய்காரனை "பையா, ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்திவிட்டுத் திரும்பி, "இவன் குடுத்த மல்லித்தழையப் பாரு, செத்துப் பத்து நாளாச்சு," என்பாள். கழுத்தில் எந்நேரமும் ஓர் இயர்போன் தொங்கும். அதன் மறுமுனை எதிலும் செருகியிருக்காது.

அவளுடைய தளத்தில் ஒரு வசதி இருந்தது. வேறெங்கும் நான் பார்க்காதது. படம் எடுத்தவர் உள்ளே போய்ப் பார்த்தால், இன்று அவர் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து, எதுவரைக்கும், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று எல்லாம் தெரியும். இந்திய வரைபடத்தில் ஒவ்வொரு பார்வையாளரும் ஒரு மஞ்சள் புள்ளி.

"பெரிய கம்பெனிக்காரன் படத்த வாங்கிப் பெட்டில போட்டுப் பூட்டிருவான். எத்தன பேரு பாத்தாவன்னு வாயே தெறக்க மாட்டான். நம்ம அப்படி இருக்கப்பிடாது," என்பாள்.

இந்த வெளிப்படைதான் அவள் தளத்தின் பெருமை. இதுதான் அவளைப் பொய்க்குள் தள்ளியதும்.

ஏனென்றால் புள்ளிகள் வரவில்லை. படம் ஏற்றிய வாரம் இயக்குநரின் நண்பர்கள் பார்ப்பார்கள். பிறகு வரைபடம் வெள்ளையாகக் கிடக்கும். ஒடிசாவின் ஏதோ ஒரு மூலையில், கையிலிருந்ததையெல்லாம் போட்டுப் படம் எடுத்த ஒருவன், காலையில் கண் விழித்ததும் அந்த வெள்ளை வரைபடத்தைத் திறப்பான், சாப்பிடும்போது திறப்பான், படுக்கும் முன் திறப்பான். இது அக்காவுக்குத் தெரியும். யார் எப்போது திறந்தார்கள் என்பதும் அவள் கணினியில் பதிவாகுமே! அதை அவளால் தாங்க முடியவில்லை. 'உங்க படத்த ஒருத்தரும் பாக்கல' என்று ஒரு மனிதரிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. வாய்ப்பூட்டு என்று சொல்வார்களே, அப்படி. அவளைப் பற்றிச் சொல்ல வேறு எவ்வளவோ இருந்தாலும் எனக்கு அவள் என்றால் இதுதான்.

ஆகவே அவளே ஓடவிட்டாள். வீட்டிலுள்ள கருவிகள் போதாமல், முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி ஐஏஎஸ்ஸுக்குப் படித்த தமிழ்ப் பையன்களையும் சேர்த்துக்கொண்டாள். வாரத்தில் ஒருநாள் அவள் வீட்டில் புளிக்குழம்பும் அப்பளமும். பதிலுக்கு, போனைச் சார்ஜில் போடும்போதெல்லாம் ஒரு படத்தைத் தட்டிவிட வேண்டும்.

"பாக்க வேண்டாம்டே, ஓடவிடு. ஆனா முழுசா ஓடணும், கேட்டியா? நடுவுல ஒருக்கா நிறுத்து, பெறவு ஓடவிடு. மனுசன்னா டீ குடிக்க எந்திரிப்பான்லா?"

பையன்கள் குளிக்கப் போனால் படம் ஓடும். கோச்சிங் போனால் படம் ஓடும். முனிர்காவின் எத்தனையோ ஜன்னல்களில், சார்ஜர் வயரின் நுனியில், யாரும் பார்க்காத நல்ல படங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்படி ஓடிய படங்களில் ஒன்று தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தது. எடுத்தவர் அங்கே ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். கோடை விடுமுறைகளாகச் சேர்த்துச் சேர்த்து, சொந்தக்காரர்களையே நடிக்க வைத்து எடுத்த படம். கதை சின்னது. வளைகுடாவுக்குப் போன மூத்த மகன் இறந்துவிட்டதாகத் தகவல் வருகிறது. உடல் வரவில்லை. வீட்டில் துக்கம் கேட்க வருகிறார்கள், ஒப்பாரி நடக்கிறது, காரியமும் ஆகப்போகிறது. அப்போது அந்த மகனே பெட்டியும் கையுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறான். அதற்குமேல் படம் முழுவதும், அழுது முடித்துவிட்ட ஒரு வீடு, உயிரோடு திரும்பி வந்தவனை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறது. சப்டைட்டில் போடுவதற்காக நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் உள்ளே வரும் இடத்தில் என் முதுகு நிமிர்ந்துகொள்ளும். படம் நிஜமாகவே நன்றாக இருந்தது. இதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் தமாஷாகப் போய்விடும்.

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

"ஏனுங் மேடம், நொய்டாவுல புதுசா மூணு பேர் பாத்திருக்கறாங்களே, யாருங்க அவங்க?"

"வேலைக்குப் போற பிள்ளைய மாஸ்டர். ஐடில இருக்கிற பிள்ளையளா இருக்கும்."

"முழுசாப் பாத்திருக்கறாங்க, மேடம். ஒரு எடத்துலகூட ஓட்டி விடல!"

அவரிடம் இரண்டாவது படம் தயாராக இருந்தது, எழுத்தில். அதை எடுக்கக் கோடை விடுமுறை போதாது. பள்ளியில் நீண்ட விடுப்புத் தர மறுத்துவிட்டார்கள். எடுப்பதென்றால் வேலையை விட வேண்டும். விட்டால் அந்த வேலை திரும்பக் கிடைக்காது. "வீட்டுல ஒரே பேச்சுதானுங்க. பாக்கறதுக்கு ஜனம் இருந்தா விடு, இல்லாட்டி பேசாம சாக்பீஸ் புடி அப்படிங்கறாங்க. நியாயந்தானுங்களே? அதான் நானும் பாத்துட்டே இருக்கறன். இன்னுங் கொஞ்சம் பேரு பாத்துட்டாங்கன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துடுவேன்."

அவர் வைத்த பிறகு நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முனிர்காவில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். வந்ததும் அக்கா ஓடும் படங்களையெல்லாம் நிறுத்திவிட்டு வாளிகளை நிரப்பப் போவாள். பார்க்கிற மனிதர்கள் டீ குடிக்க எழுந்ததாகக் காட்டும் இடைவெளியும் அதுவே. மாஸ்டர் படத்தை அவள் தினமும் விடிந்ததும் போட்டுவிடுவாள். எனவே அது தினமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. உயிரோடு வந்த மகனுக்குச் சோறு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், பற்றவைக்காத அடுப்பின் முன் தாய் உட்கார்ந்திருக்கும் காட்சி. வசனம் கிடையாது.

மாஸ்டர் போன் பண்ணினார். "மேடம், எல்லாரும் அந்த அடுப்பு சீன்ல நிறுத்தறாங்க. நிறுத்திட்டு அப்பறமாப் பாக்கறாங்க. ஏனுங்க அப்படி?"

அக்கா ஒரு கணம்தான் யோசித்தாள். "தாங்க முடிஞ்சிருக்காது மாஸ்டர். எந்திரிச்சுப் போயிட்டு வந்து பாத்திருப்பாவ."

"நான் அந்த சீன வெட்டிரலாம்னு இருந்தனுங்க," என்றார் மாஸ்டர்.

அடுத்த வாரமே அவர் இரண்டாவது படத்தைத் திருத்தி எழுத ஆரம்பித்துவிட்டார். வசனங்களை எடுத்துவிட்டாராம். எல்லாம் அடுப்பு, கதவு, தாழ்ப்பாள், காத்திருக்கும் ஆட்கள். ஜனங்களுக்கு அதுதான் தைக்கிறது என்று புரிந்துவிட்டதாம்.

"அக்கா, நம்ம முனிசிபாலிட்டி தண்ணிய நம்பி அந்த மனுஷன் ஒரு படம் எழுதிட்டிருக்காரு," என்றேன்.

"அது நல்ல சீன்தானடி?"

"நல்ல சீன்தான்."

"பெறவு என்ன? போ, அந்த வாளிய எடு."

கோபத்தில் வாளியை எடுத்தேன்.

புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் விழக் கூடாதல்லவா, அதற்காக அக்கா மெட்ரோ ஏறுவாள். துணிப்பை நிறைய போன்கள், எல்லாம் ஓடிக்கொண்டே வரும். நொய்டாவில் இறங்கி ஒரு டீ, குர்கானில் இறங்கி ஒரு சமோசா. நிலையத்தில் பையைத் துழாவும் காவல்காரப் பெண் "இத்னே ஃபோன், மேடம்?" என்று இத்தனை போனைப் பார்த்து வியந்தால், ரிப்பேர் கடை வைத்திருப்பதாகச் சொல்லுவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. பை அவள் மடியில். எந்தப் போனின் எந்தப் பொத்தான் அழுந்தியதோ, திடீரென்று பைக்குள்ளிருந்து ஒப்பாரி கிளம்பியது. மாஸ்டரின் சித்தி பாடியது. நிஜமான சாவு வீட்டுக் குரல். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அக்கா பையைத் திறந்து துழாவுகிறாள், எந்தப் போன் என்று தெரியவில்லை, ஒப்பாரி ஏறிக்கொண்டே போகிறது.

எதிரே இருந்த பஞ்சாபி அம்மாள் எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "க்யா ஹுவா பேட்டா? கோன் கயா?" யார் போனது என்று கேட்கிறாள்.

அக்கா அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். "படே பாயி," என்றாள். அண்ணன்.

அந்த அம்மாள் அக்காவின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். இரண்டு நிலையங்கள் அப்படியே போனோம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி நடைமேடைக்கு வந்ததும் வெடித்துச் சிரிக்கலாம் என்று திரும்பினால் அக்காவின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"பாத்தியாட்டி? ஒரு பொம்பள அந்தப் பாட்டக் கேட்டு எந்திரிச்சு வந்துட்டா," என்றாள்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் அவள் தன் கதையை, ஒரே ஒரு முறை, சொன்னாள். அவளும் ஒரு படம் எடுத்திருக்கிறாள். ஒரு கம்பெனி அதை வாங்கியது. அவள் கெஞ்சிக் கேட்டதில் அங்கே வேலை பார்த்த ஒருவன் எண்ணிக்கையைக் காட்டியிருக்கிறான். எண்ணிக்கை என்று சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை.

"அப்பாட்ட வந்து, நெறைய பேரு பாக்காவப்பான்னு சொன்னேன். அவ்வளவுதான். அவரு பூங்காவுல வாக்கிங் வாற பென்ஷன்காரங்க எல்லார்ட்டயும் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சாரு. ஆசுபத்திரில நர்சுட்டயும் சொன்னாரு. கடைசி வரைக்கும் சொன்னாரு. அதுல யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?"

"அப்பா அதுக்காக வேலைய விடலையேக்கா."

அக்கா எழுந்துவிட்டாள். "அடுத்த வண்டி வருது, சலோ."

மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிடும்படி அதற்குப் பிறகு நான் தொணதொணக்க ஆரம்பித்தேன். சொல்லுதேன், சொல்லுதேன் என்பாள். போன் வரும். "எப்படியிருக்கிய மாஸ்டர்?" என்று தொடங்குவாள். வாய் வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். ஒருநாள் நானே போனைப் பிடுங்கப் போனேன். "ஏ கூறுகெட்டவளே, அந்த ஆளு நெஞ்ச ஒடச்சிருவ!" என்று கத்தினாள். நல்லவேளை, அதற்குள் மாஸ்டர் போனை வைத்துவிட்டிருந்தார். இல்லாவிட்டால் அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

குளிர் தொடங்கி ஊரெல்லாம் புகை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சொன்னார்: "மேடம், நான் டெல்லி வர்றனுங்க. உங்க ஊருலதான் என் படத்துக்கு இத்தன பேரு இருக்கறாங்க. பத்துப் பேரா இருந்தாலும் போதுங்க, ஒரு தடவ அவங்க மொகத்தப் பாத்துட்டு வந்தர்றன். பாத்துட்டா, போன மறுநாளே எழுதிக் குடுத்துடுவேன். வீட்டுலயும் சரின்னுட்டாங்க."

நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, "வாங்க மாஸ்டர், தாராளமா வாங்க," என்றாள்.

பிறகு பார்க்க வேண்டுமே அவள் சுறுசுறுப்பை! பையன்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "எப்பா, இந்தத் தடவ ஓடவிடதுக்குச் சொல்லல. நெசமாப் பாக்கணும். உக்காந்து பாக்கணும். மாஸ்டர் வந்து கேட்டா பதில் சொல்லத் தெரியணும்." பையன்கள் தலையாட்டினார்கள். அந்த வாரம் முழுவதும் அக்கா வரைபடத்தின் முன்னாலேயே கிடந்தாள். ஒவ்வொருவராகப் படத்தை முழுசாக முடித்தார்கள். சிலர் இரண்டாம் முறையும். நடுவில் ஒருமுறை நிறுத்தி, மறுபடி தொடர்ந்து.

"பாத்தியா! பிள்ளைய எல்லாவனும் பாத்துட்டானுவ," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பொய்யாக ஆரம்பித்தாலும் கடைசியில் மெய்யான பார்வையாளர்கள் சிலர் அமைந்துவிட்டார்கள், மாஸ்டரும் பிழைத்தார், அக்காவும் பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரைபடத்தை ஏமாற்றுவது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஒரு கோச்சிங் சென்டரின் நிலவறை ஞாயிறு முற்பகலில் சும்மா கிடைத்தது. கைப்பலகை வைத்த நாற்காலிகள், எழுதி அழித்த வெள்ளைப் பலகைமேல் கட்டிய வேட்டி, வாடகை புரொஜெக்டர். மாஸ்டர் சின்ன உருவம். புதிதாக வாங்கிய ஸ்வெட்டரில் கடை மடிப்பு கலையாமல் இருந்தது. இருமிக்கொண்டே ஒவ்வொருவர் கையையும் இரண்டு கைகளாலும் பிடித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டின்னைத் தானே நீட்டினார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"சேலம் சார். ஐஏஎஸ்ஸுக்குப் படிக்கறேன். உங்க படம் மூணு தடவ பாத்துட்டேன் சார். வேற லெவல் சார்!"

"மூணு தடவையா? நன்றிங்க. அம்மா கேட்டா நம்ப மாட்டாங்க."

மாஸ்டர் உட்காரவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோரமாக நின்று, ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகத்தானே வந்திருக்கிறார். ஒப்பாரி ஓடியது. துக்கம் கேட்க வந்தவர்கள் காப்பி குடித்தார்கள். அறையில் சத்தமே இல்லை. கதவு திறந்தது. பெட்டியோடு அவன் உள்ளே வந்தான்.

"அய்யய்யோ! உயிரோட இருக்கான்டா!" சேலத்துப் பையன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். பின்னாலிருந்து இன்னொருவன், "டேய், நான் அப்பவே நெனச்சேன்டா, பாடி வரலயேன்னு!" நிலவறை முழுக்க ஒரே சலசலப்பு. ஒருவன் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். யாரோ 'உஷ்' என்று அடக்கினார்கள்.

அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

மாஸ்டர் அசையாமல் நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூன்று முறை பார்த்தவர்கள், இரண்டு முறை பார்த்தவர்கள், ஓர் இடத்தில்கூட ஓட்டிவிடாமல் பார்த்தவர்கள். பிறகு இருமல் வந்தவர்போல வாயைப் பொத்திக்கொண்டு படியேறி வெளியே போய்விட்டார்.

அவர் பார்க்காமல் போனது என்னவென்று நான்தான் சொல்ல வேண்டும். அந்தப் பையன்கள் அதற்குப் பிறகு ஒருவரும் போனைத் தொடவில்லை. அடுப்புக் காட்சி வந்தபோது முறுக்கு மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. படம் முடிந்து வெளிச்சம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே டீக்கடை அருகே மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். சேலத்துப் பையன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"சார், செம்ம சார்!"

"ஏந்தம்பி, மூணு தடவ பாத்தேன்னீங்களே. அந்த எடத்துல எதுக்கு அப்படிக் கத்துனீங்க?"

பையனுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்தான். "ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சார் இருக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு அக்காவிடம் வந்தார். குரலில் கோபமே இல்லை.

"மேடம், நான் ஊருக்குப் போயி வேலைய விடறதா எழுதிக் குடுக்கோணும். அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நெசமா யாராச்சும் பாத்தாங்ளா?"

அக்காவின் உதடு அசைந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"பாத்தாவ மாஸ்டர்," என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இல்ல மாஸ்டர்," என்றேன். "போன்ல ஓடவிட்டோம். நாங்களே."

"எல்லாமுங்களா?"

"நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். உங்க நண்பர்கள் பாத்திருப்பாங்க. மத்ததெல்லாம்..."

"அந்த அடுப்பு சீன்ல நிறுத்துனாங்களே?"

அக்காதான், தரையைப் பார்த்துக்கொண்டு, "அது தண்ணி வாற நேரம்," என்றாள்.

மாஸ்டர் தலையை ஆட்டினார், ஏதோ வழி கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல. குடிக்காத டீயைக் கடைக்காரரிடமே திருப்பி வைத்தார். அப்போதுதான் அக்கா அவர் முன்னால் போய் நின்று, கைகளைக் கூப்பிக்கொண்டு, மூச்சு விடாமல் பேசினாள். "ஆனா இன்னைக்கு நெசமாப் பாத்தாவ மாஸ்டர். நீங்க வெளிய போயிட்டிய. அடுப்பு சீன்ல ஒரு பய அசையல. முடிஞ்ச பெறவும் எந்திரிக்கல. அவன் கத்துனாம்லா, அதுதான் நெசம். உங்க படம் அவன எழுப்பி விட்டுருச்சு. நீங்க ரெண்டாவது படத்த எடுங்க. என் அப்பா மேல சத்தியமாச் சொல்லுதேன்."

"சரிங்க மேடம்," என்றார் மாஸ்டர். வாசலில் எதையாவது விற்க வருகிறவர்களிடம் சொல்வோமே, அந்தச் 'சரிங்க'.

படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அன்றைக்கே ரயில் ஏறினார். அவர் இன்னமும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். படம் எதுவும் எடுக்கவில்லை. வேலை தப்பியதே, நல்லதுதானே என்று இதைக் கேட்ட என் நண்பர்கள் சொல்கிறார்கள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. அந்த இரண்டாவது கதையை நான் வாசித்திருக்கிறேன்.

அக்காவின் தளமும் அதிக காலம் நிற்கவில்லை. ஒருநாள் போனபோது அந்த வீட்டில் மணிப்பூர்ப் பெண்கள் இருவர் குடியிருந்தார்கள். அக்கா எங்கே போனாள் என்று கீழ்வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. நான் இப்போது நொய்டாவில் ஒரு பெரிய ஓடிடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். யார் பார்த்தார்கள், எதுவரை பார்த்தார்கள் என்று இங்கே படம் எடுத்தவர்களிடம் சொல்வதில்லை. அவர்கள் கேட்டு எழுதும் மின்னஞ்சல்களுக்கு அனுப்ப ஒரே பதில் தயாராக இருக்கிறது. நானும் அதைத்தான் அனுப்புகிறேன்.

ஆனால் அக்காவை நினைத்தால் முதலில் வருவது மாஸ்டர் ஊருக்குப் போன அந்த வாரம்தான். சாயங்காலம் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். கதவைத் தட்டிக்கொண்டு சேலத்துப் பையன் வந்தான்.

"அக்கா, மாஸ்டர் படம் லிங்க் வேலை செய்யல. அம்மாவுக்கு அனுப்பணும். எங்க மாமா துபாய்ல இருக்காரு, ரொம்ப நாளா வரல. போன்ல கதையச் சொன்னேன், அம்மா அழுதுட்டாங்க. படத்தப் பாக்கணுங்கறாங்க."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். படத்தை எடுத்தாகிவிட்டது என்றாள். சாப்பிட்டுப் போகச் சொன்னாள். அவன், "இல்லக்கா, அத எப்படியாவது வாங்கித் தாங்க," என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவன் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் அக்கா என்னிடம் கேட்டாள்:

"ஏட்டி, நீதான அவன அனுப்பிவிட்ட?"

"ஐயோ, இல்லக்கா."

"நான் மனசு சங்கடப்படுதேன்னு சொல்லி வரச் சொல்லியிருப்ப."

"சத்தியமா இல்லக்கா. அவனா வந்தான். நெசமா அந்தப் படம் வேணும்னுதான் வந்தான்."

அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் தலையை மெல்லத் தடவிக்கொடுத்து, ஆறுதல் சொல்கிற குரலில், "சரிடி, நான் நம்புதேன்," என்றாள்.